கணக்கரும் கழுதைக்காரரும் காத்த கோட்டை – அரக்கான், 1944



ராணுவத்தில் 20 வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் போனில் பேசினார். "பசங்ககிட்ட பேச ஸ்கூல்ல கூப்பிடுறாங்க சார். நான் போய் என்னத்தச் சொல்ல? துப்பாக்கி பிடிச்சு நின்னவங்க கதை வேற. நான் அரிசி மூட்டையும் டீசல் பீப்பாயும் ஏத்தி இறக்கினவன்" என்றார். அன்று அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். விடுமுறை நாள்தானே, நிதானமாகப் படியுங்கள்.

ஒரு படை என்றால் நமக்குக் கண்முன் வருவது துப்பாக்கியோடு ஓடும் சிப்பாய். ஆனால் அந்தச் சிப்பாய்க்குத் தோட்டா கொண்டுவருபவர், சோறு பொங்குபவர், செருப்புக்கும் சட்டைக்கும் கணக்கு எழுதுபவர், பழுதான வண்டியைச் சரிசெய்பவர், தந்தி அனுப்புபவர், காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்று அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே உழைக்கிறது. அந்தக் கூட்டம் இருக்கும் இடத்தைப் பின்களம் என்கிறோம். பின்களம் பத்திரமான இடம், அங்கே சண்டை வராது என்பதுதான் பொதுவான எண்ணம். எதிரி முன்னால் மட்டும் இருக்கும்வரை அது சரி. அவன் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டால்?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பர்மாவில் செய்தது இதைத்தான். 1942-ல் பிரிட்டிஷ் இந்தியப் படை சாலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜப்பானியர் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினார்கள். பக்கவாட்டில் வளைந்து சென்று, படைக்குப் பின்னால் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். முன்னால் நின்ற வீரர்கள் தோற்றுப்போகவில்லை. ஆனால் அவர்களுக்கு வரும் அரிசியும் தோட்டாவும் நின்றுவிட்டன. பின்களத்தில் இருந்தவர்களுக்குச் சண்டைப் பயிற்சி கிடையாது, பலரிடம் ஆயுதமும் கிடையாது. அங்கே குழப்பம் வந்ததும், முன்களமும் வழிவிட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் இதே கதைதான். அடுத்த ஆண்டு, அரக்கான் கரையில் நடந்த முதல் படையெடுப்பும் ஏறக்குறைய இப்படியே முடிந்தது.

இந்தத் தோல்விகளை உட்கார்ந்து அலசியவர் வில்லியம் ஸ்லிம் என்ற தளபதி. பின்னாளில் 14-வது ராணுவத்தின் தலைவர். ராஞ்சியில் படைகளுக்குப் பயிற்சி கொடுத்த காலத்திலேயே அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். ஒன்று, காட்டுப் போரில் சண்டையிடாதவர் என்று யாரும் கிடையாது. மருத்துவப் பிரிவு உட்பட ஒவ்வொரு பிரிவும் நான்கு பக்கமும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும், தானே ரோந்தும் போக வேண்டும். இரண்டு, எதிரி பின்னால் வந்துவிட்டால் பதறி ஓடாதே. இருந்த இடத்தில் உட்கார். உனக்கு வேண்டியதை வானத்திலிருந்து அனுப்புகிறோம். சுற்றி வளைத்தவன்தான் சோறில்லாமல் தவிப்பான். எழுதிப் படிக்க எளிதாக இருக்கிறது. கணக்கு எழுதும் குமாஸ்தாவும் கழுதை மேய்ப்பவரும் இதைச் செய்து காட்ட முடியுமா என்பதற்கு 1944 பிப்ரவரியில் பரீட்சை வந்தது.

வரைபடம் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில், இன்றைய வங்கதேச எல்லைக்குத் தெற்கே அரக்கான். கடலுக்கு இணையாக மயூ மலைத்தொடர் வடக்குத் தெற்காக ஓடுகிறது. மலைக்கு மேற்கே 5-வது இந்திய டிவிஷன். கிழக்கே, கலபான்சின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 7-வது இந்திய டிவிஷன்; அதன் தளபதி பிராங்க் மெசர்வி. இரண்டையும் இணைத்தது ஙக்யெடவுக் என்ற கணவாய். அந்தப் பெயர் வாயில் நுழையாமல் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதை 'ஓக்கேடோக்' என்று ஆக்கிவிட்டார்கள். வெறும் ஒற்றையடிப் பாதையாக இருந்ததைப் பொறியாளர் படைகள் வெட்டி அகலப்படுத்தி, லாரியும் டாங்கியும் போகும் சாலையாக மாற்றியிருந்தன.

அந்தக் கணவாயின் கிழக்கு வாசலில் சின்ஸ்வேயா என்ற இடம். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்வெளி, சுற்றிலும் காடு மூடிய குன்றுகள். அங்கேதான் 7-வது டிவிஷனின் கிடங்குகள் எல்லாம் இருந்தன. பெட்ரோல், வெடிமருந்து, ரேஷன், வண்டிப் பட்டறை, கோவேறு கழுதைக் கொட்டில்கள், மருத்துவ முகாம். சுமார் 1,100 மீட்டர் நீளம், அதே அளவு அகலம். நம்மூரில் ஒரு பெரிய ஏரியைவிடச் சின்ன இடம். நிர்வாகப் பகுதி என்பதால் 'அட்மின் பாக்ஸ்' என்று இந்தச் சண்டைக்குப் பெயர் நிலைத்தது.

பிப்ரவரி 4-ம் தேதி ஜப்பானியரின் 'ஹா-கோ' தாக்குதல் தொடங்கியது. 55-வது டிவிஷனின் ஒரு பெரும் பகுதி, ஜெனரல் சகுராய் தலைமையில், இரவோடு இரவாக 7-வது டிவிஷனின் பக்கவாட்டில் நழுவிப் போய், வடக்கே டவுங் பஜாரைப் பிடித்தது. பிறகு திரும்பித் தெற்கு நோக்கி வந்தது. 6-ம் தேதி விடியற்காலையில் அது மோதியது போர்வீரர்களின் மேல் இல்லை, மெசர்வியின் தலைமையகத்தின் மேல்! சிக்னல் பிரிவினர், எழுத்தர்கள், ஆர்டர்லிகள் என்று கையில் கிடைத்ததை எடுத்துச் சண்டையிட்டார்கள். வேறிடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, கருவியை உடைத்துவிடச் சொல்லும் குரல் ஒன்று கேட்டது, அதோடு மௌனம். மெசர்வியும் மிஞ்சியவர்களும் ஓடைகளிலும் புதர்களிலும் நடந்து, சின்ஸ்வேயாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே காவலுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஜெஃப்ரி எவன்ஸ் என்ற பிரிகேடியர். 5-வது டிவிஷனின் 9-வது பிரிகேடுக்குத் தலைவர். திடீரென்று இந்த வேலை அவர் தலையில் விழுந்தது. அவர் கையில் இருந்த உண்மையான காலாட்படை மிகக் குறைவு: வெஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டின் 2-வது பட்டாலியனும் கூர்க்காக்கள் சிலரும். அவற்றோடு சில பீரங்கிகள், 25-வது டிராகூன்ஸ் பிரிவின் லீ டாங்கிகள். மற்றபடி அந்த வயல்வெளியில் இருந்த சுமார் 8,000 பேரில் பெரும்பாலோர் பின்களத்துப் பணியாளர்கள்தான்.

இனி, அவர்கள் எப்படிக் காத்துக்கொண்டார்கள் என்று பார்ப்போம். வகுப்பில் நான் கேட்பது போலக் கேட்கிறேன்: உங்களிடம் 8,000 பேர் இருக்கிறார்கள், ஆனால் சில நூறு பேருக்குத்தான் சண்டை தெரியும். என்ன செய்வீர்கள்? தெரிந்தவர்களை வேலிபோலச் சுற்றி நிறுத்திவிட்டு, மற்றவர்களை உள்ளே வைப்போம் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் வேலி மெலிந்துவிடும். ஓர் இடத்தில் கிழிந்தால், தைக்க ஆள் இருக்காது.

எவன்ஸ் தலைகீழாகச் செய்தார். சுற்றளவைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பணிப் பிரிவிடம் கொடுத்தார். பட்டறை மெக்கானிக்குகளுக்கு ஓர் இடம், கழுதைக் கம்பெனிக்கு ஓர் இடம், ஸ்டோர் ஆட்களுக்கு ஓர் இடம். பகலில் தங்கள் வேலை. இருட்டினால் தங்கள் பதுங்குகுழி. சண்டையில் தேர்ந்த வெஸ்ட் யார்க்ஷயர்காரர்களில் ஒரு பகுதியையும் டாங்கிகளையும் நடுவில் வைத்துக்கொண்டார். எங்கே உடைகிறதோ அங்கே ஓடி அடைப்பது அவர்கள் வேலை. அதாவது, சாதாரணப் பணியாளரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உன் குழியை விட்டு நகராதே. துரத்திப் பிடிக்க வேண்டாம், குன்றேறித் தாக்க வேண்டாம், அதற்கு வேறு ஆள் இருக்கிறது.

ஒரு குன்றை ஜப்பானியர் பிடித்துவிட்டால், டாங்கிகள் முதலில் வெடிக்கும் குண்டுகளால் உச்சியை அடிக்கும். காலாட்படை ஏறி நெருங்கியதும், வெடிக்காத கெட்டிக் குண்டுக்கு மாறும். அதனால் நம் ஆட்களுக்குச் சிதறல் படாமல், எதிரி மட்டும் தலை தூக்க முடியாமல் கிடப்பான். கடைசிச் சில அடிகளைக் காலாட்படை பார்த்துக்கொள்ளும். உடைந்த வேலி இப்படித்தான் திரும்பத் திரும்பத் தைக்கப்பட்டது.

நகராமல் இருப்பது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். இரவுதான் உண்மையான சோதனை. ஜப்பானியர் சிறு குழுக்களை அனுப்பிக் கூச்சல் போட வைப்பார்கள். தெரிந்த மொழியில் கூப்பிட வைப்பார்கள். பட்டாசு வெடிக்க வைப்பார்கள். பயந்துபோய் நீ சுட்டால், உன் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்துக் குழிக்காரரும் சுட ஆரம்பிப்பார். தோட்டா தீரும், நம் ஆளே நம் ஆளைச் சுடுவதும் நடக்கும். ஆகவே கண்ணுக்கு ஆள் தெரிந்தால் ஒழியச் சுடக்கூடாது, இருட்டில் குழியை விட்டு எழுந்து நடமாடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பகல் முழுக்க மூட்டை தூக்கிய மனிதர், இரவு முழுக்கக் கண்விழித்து, விரலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி ஓர் இரவு, இரண்டு இரவு இல்லை, 18 நாள்.

காட்டிலிருந்து முகாமுக்குள் வரும் காய்ந்த ஓடை ஒன்று இருந்தது. ஜப்பானியர் இருட்டில் அதன் வழியாகத் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதன் வாயில் காத்திருந்தவர்கள் அவர்களை அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஓடைக்கு 'இரத்த ஓடை' என்றே பெயர் வந்துவிட்டது.

வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிப் போய்விடக் கூடாது. பிப்ரவரி 7-ம் தேதி இரவு, முகாமின் ஓரத்தில் இருந்த மருத்துவ முகாமுக்குள் ஜப்பானியர் புகுந்துவிட்டார்கள். உள்ளே நோயாளிகள் இருந்ததால் வெளியிலிருந்து கண்டபடி சுடவும் முடியவில்லை. மீட்பதற்குள், படுக்கையில் கிடந்த காயம்பட்டவர்கள், டாக்டர்கள், உதவியாளர்கள் என்று சுமார் 35 பேர் கொல்லப்பட்டார்கள். லெப்டினன்ட் பாசு என்ற இந்திய மருத்துவர், சுடப்பட்ட பிறகு, இரத்தத்தைப் பூசிக்கொண்டு இறந்தவர் போலக் கிடந்து தப்பினார். அங்கே நடந்ததை உலகம் அறிந்ததில் அவருடைய சாட்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் ஒரு சட்ட விஷயம். மருத்துவப் பிரிவு ஆயுதம் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். 1929 ஜெனீவா உடன்படிக்கை, தன்னையும் தன் நோயாளிகளையும் காப்பதற்காக மட்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், அதனால் மருத்துவமனைக்குரிய பாதுகாப்பு போய்விடாது என்கிறது. ஆனால் எதிரி அந்தப் பாதுகாப்பை மதித்தால்தானே! பின்களத்தில் மிகவும் பலவீனமான இடம் மருத்துவமனை. அதை ஓரத்தில் வைத்ததற்குக் கொடுத்த விலை அந்த 35 உயிர்.

இனி வானம். சோறு, தோட்டா, பெட்ரோல் எல்லாம் டகோட்டா விமானங்களில் வந்து பாராசூட்டில் இறங்கின. முதல் நாள் ஜப்பானியப் போர் விமானங்களால் சில விமானங்கள் திரும்ப நேர்ந்தபோது, அந்தப் போக்குவரத்துப் பிரிவின் தலைவரான அமெரிக்க ஜெனரல் வில்லியம் ஓல்டே முன்னால் ஓட்டிக்கொண்டு வந்தார். மொத்தம் 714 தடவை விமானங்கள் பறந்தன. சுமார் 2,300 டன் சரக்கு இறங்கியது. இதற்கான மூட்டைகளை எல்லாம் சண்டை தொடங்கும் முன்பே கட்டி அடுக்கி வைத்திருந்தவர், ஸ்லிம்மின் நிர்வாகத் தலைவர் ஸ்னெல்லிங். அரிசி, பருப்போடு சிகரெட், தபால், சவரக் கத்திகூட அதில் இருந்தன. வீட்டுக் கடிதம் வருகிறதென்றால், நம்மைக் கைவிடவில்லை என்று புரிந்துவிடும் அல்லவா?

பட்டு பாராசூட் கிடைக்காத காலம் அது. கல்கத்தா சணல் ஆலைகளைக் கேட்டு, சணல் துணியில் பாராசூட் செய்தார்கள். ஒன்றுக்குச் சுமார் ஒரு பவுண்டுதான் ஆயிற்று. சாதாரண பாராசூட் 20 பவுண்டுக்கு மேல். சாக்குப் பை தைக்கிற தொழிலாளிகளும் இந்தப் போரில் ஒரு பங்கு செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் என்ன ஆயிற்று? ஜப்பானியர் சில நாட்களுக்கான உணவை மட்டுமே எடுத்து வந்திருந்தார்கள். பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. முன்பெல்லாம் அது பலித்தது. இந்த முறை கிடங்குக்காரர்களே கிடங்கை விடவில்லை. ஸ்லிம் சொன்னபடியே, சுற்றி வளைத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். பிப்ரவரி 23-ம் தேதி கணவாய் திறக்கப்பட்டது. ஜப்பானியர் பின்வாங்கினார்கள். இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தும் காயம்பட்டும் போயிருந்தார்கள். பர்மாப் போரில் ஜப்பானியரின் ஒரு பெரிய தாக்குதல் நின்ற இடத்திலேயே முறியடிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

இதை வெறும் வீரம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோஹிமாவைப் பாருங்கள். அங்கே சண்டை நடந்த குன்றுகளின் பெயரே கிடங்குகளின் பெயர்தான்: ஒன்று சப்ளை டிப்போ குன்று, ஒன்று அன்றாட ரேஷன் வழங்கும் குன்று, ஒன்று போக்குவரத்து வண்டிகளின் மேடு. ரொட்டி சுடும் அடுப்புகளுக்கு நடுவே கைகலப்பு நடந்தது. முற்றுகையில் சிக்கிய சுமார் 2,500 பேரில் 1,000 பேர் போர்வீரர் அல்லாதவர்கள். ஆனால் அவர்களில் பலர் எங்கிருந்தெல்லாமோ வந்து அங்கே மாட்டிக்கொண்டவர்கள். தங்களுக்கென்று அதிகாரி இல்லை, பொறுப்பான இடம் இல்லை, பலரிடம் ஆயுதம் இல்லை. காவலுக்கு நின்றவர்களுக்கு அவர்களைப் பார்த்துக்கொள்வதே ஒரு சுமையாயிற்று. அவர்கள் கோழைகளா? இல்லவே இல்லை. சின்ஸ்வேயாவின் கழுதைக்காரருக்கு ஒரு குழியும், ஒரு துப்பாக்கியும், பெயர் தெரிந்த ஒரு ஹவில்தாரும், இருபுறமும் தெரிந்த முகங்களும் இருந்தன. கோஹிமாவில் மாட்டிய பலருக்கு அது எதுவுமே இல்லை. மனிதர் ஒன்றுதான், ஏற்பாடுதான் வேறு. பள்ளிக்கூடம் நடத்திய எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1880-களில் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். தென்னாட்டவர் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் கருத்து. 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற அந்தக் கொள்கையால் ஆள்சேர்ப்பு வடமேற்கு நோக்கி நகர்ந்தது. சென்னையின் காலாட்படைப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மெட்ராஸ் பயனியர்ஸ் 1933-ல் கலைக்கப்பட்டது. 1939-ல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945-க்குள் 25 லட்சமாக வளர வேண்டி வந்தபோது, நம் கதவை மறுபடி தட்டினார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உருவாயிற்று. ஆனாலும் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் பெரும் பகுதியினர் சேர்ந்தது சர்வீஸ் கார்ப்ஸ், பொறியாளர் படை, பட்டறைகள், பயனியர் படை, மருத்துவப் பிரிவு போன்ற பணிப் பிரிவுகளில்தான். 'சண்டைக்கு ஆகாதவர்' என்று ஒதுக்கப்பட்டவர்களை 'சண்டையில்லாத' வேலையில் வைத்தார்கள். அந்தப் பணிப் பிரிவுகளையே தேடிப் போர் வந்தது என்பதுதான் சரித்திரம் செய்த வேடிக்கை.

நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். புறப்பொருள் வெண்பாமாலையில் பகைவர் கோட்டையை வளைப்பது உழிஞை. உள்ளிருந்து காப்பது நொச்சி. வளைத்தவனுக்கு ஒரு திணை என்றால், காத்தவனுக்கும் ஒரு தனித் திணை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பர்மா போருக்குப் போன தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ உங்களில் பலர் வீட்டில் இருந்திருப்பார். 'அவர் என்ன, சமையல் வேலைதான்' என்று சொல்லிப் பெட்டியை மூடி வைத்திருப்பீர்கள். திறந்து பாருங்கள். விடுவிப்புச் சான்றிதழ் இருந்தால், அதில் எந்தக் கார்ப்ஸ், எந்தக் கம்பெனி என்று பாருங்கள். வெண்கல நிறத்தில் ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் இருந்தால் எழுத்தைப் படியுங்கள்; பர்மா ஸ்டார் என்று இருந்தால், அவர் அந்தப் போர்க்களத்தில் இருந்தவர். திரும்பி வராதவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். ரங்கூனுக்கு அருகே டாக்யான் கல்லறைத் தோட்டத்து நினைவுத் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். ஓட்டுநரும் உண்டு, சமையல்காரரும் உண்டு.

கிடைத்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கம்பெனி எண் மட்டும் இருந்தாலும் போதும், அந்தக் கம்பெனி எந்த டிவிஷனோடு எங்கே இருந்தது என்று தேடிப் பார்ப்போம். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்